சோலைக்கிளி தேடி ஐந்து நாள்: கோத்தகிரியிலிருந்து கொடைக்கானல் வரை

முதல் நாள், கோத்தகிரி

மேட்டுப்பாளையத்தில் பத்தரை மணி பஸ். காரில் வந்திருந்தால் இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அதுதான் நடைமுறை. பஸ்ஸில் போகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் ஒருவர் ஏறி, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று சீட்டு சீட்டாகப் பார்த்துக்கொண்டு போனார். பின் சீட்டு அம்மா ஒன்றை முந்தானைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பாக்குத் தோப்புகள் முடிந்து, தேயிலை ஆரம்பித்து, காது அடைத்ததும் ஊர் வந்துவிட்டது.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நீலகிரி சோலைக்கிளி என்று ஒரு குருவி. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம்தான் பெரிது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியில் தொடங்கிக் குடகு, பாபாபுதன் மலைப் பக்கம் வரைக்கும்தான், அதுவும் மலை உச்சிகளை ஒட்டிய சோலைக்காடுகளில் மட்டும். அழியும் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களை வரிசைப்படுத்தும் உலகச் சிவப்புப் பட்டியலில் ‘அருகிய இனம்’ என்ற வரிசையில் இருக்கிறது. அதாவது புலி இருக்கும் வரிசை. புலிக்குக் காப்பகம், திட்டம், தபால்தலை எல்லாம் இருக்கிறது. இதற்கு என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என்றுதான் அஞ்சு நாள் லீவு போட்டேன்.

தங்குவது அத்தை வீட்டில். கல்யாணமாகி இங்கே வந்து நாற்பது வருஷம், இன்னும் பேச்சில் கோயமுத்தூர் போகவில்லை. சாப்பிட்டுக்கொண்டே குருவியின் படத்தை போனில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“இதுக்காகவா கண்ணு லீவு போட்டுட்டு வந்தே? இது நம்ம பாத்திரக்குருவி.”

எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அடுப்படிக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற கல். கழுவின தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாகப் போய்ச் சின்ன ஓடையில் விழுகிறது. ஓடையின் இரண்டு கரையிலும் பழைய சோலையின் மிச்சம், பாசி பிடித்த இருபது முப்பது மரம், இரண்டு மரப்பெரணி, கீழே ஆள் நுழைய முடியாத புதர். அந்தப் புதரின் இருட்டிலிருந்து ஒன்று தத்தித் தத்தி வெளியே வந்தது.

முதலில் கால்தான் கண்ணில் பட்டது, உடம்புக்குப் பொருத்தமில்லாத நீளக் கால். இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம், தலையை ஒரு பக்கம் சாய்த்து மண்ணைப் பார்ப்பது, மறுபடி இரண்டு தத்தல். நெஞ்சும் முதுகும் சிலேட்டு நீலம், அந்த வெளிச்சத்தில் கறுப்பாகவே தெரிந்தது. கண்ணுக்கு மேலே பவுடர் ஒட்டினதுபோல ஒரு மங்கலான வெள்ளை. திரும்பினபோது விலாப்பக்கம் துரு நிறம், வயிற்றின் நடுவில் வெள்ளை. சோற்றுப் பருக்கை பக்கத்திலேயே கிடந்தது, அதைச் சட்டை செய்யவில்லை. ஈர இலையைப் புரட்டி எதையோ இழுத்தது, நெளிந்தது, விழுங்கியது, போய்விட்டது. மொத்தம் ஒன்றரை நிமிஷம் இருக்கும். கேமரா உள்ளே கட்டில் மேல் இருந்தது!

உள்ளே வரும்போது ஓடைக்கு அந்தப் பக்கம் புதிதாக நட்ட அளவுக்கல்லைப் பார்த்தேன். பக்கத்து இடம் கைமாறிவிட்டதாம், காட்டேஜ் வரப்போகிறதாம். அத்தை அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. குழம்பைச் சுட வைக்கப் போய்விட்டார்.

இரண்டாம் நாள், லாங்வுட் சோலை

அஞ்சரைக்கு எழுந்தேன் என்று எழுத ஆசைதான். ஆறே முக்கால். கோத்தகிரிக் குளிரில் அதுவே சாதனை.

லாங்வுட் சோலை ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். வனத்துறை அனுமதி வேண்டும், முன்பே கேட்டு வைத்திருந்தேன். மொத்தம் 116 ஹெக்டேர். சுற்றி நாலு பக்கமும் தேயிலையும் வீடுகளும், நடுவில் பச்சைப் போர்வையைச் சுருட்டிப் போட்டதுபோல இந்தக் காடு. 2024 ஜனவரியில் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். காடு எப்படி ஈரநிலமாகும் என்று கேட்பவர்கள் உள்ளே பத்து நிமிஷம் நடந்தால் போதும், பூட்ஸ் பதில் சொல்லும். சுற்றுவட்டாரத்து ஊர்கள் பலவற்றுக்குத் தண்ணீர் இதற்குள்ளிருந்துதான் வருகிறது.

உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிவிடும். சோலை மரங்கள் உயரம் கிடையாது, குடை மாதிரி கவிந்து, ஒன்றோடொன்று முட்டி, கிளையெல்லாம் பாசியும் ஆர்க்கிடும் ஏறி நிற்கும். கீழே குறிஞ்சி இனச் செடிகள் இடுப்பளவுக்கு. சோலைக்கிளியின் உலகம் அந்த இடுப்பளவுதான். மேலே இலைக் கூரையில் என்ன நடக்கிறது என்பது அதற்குக் கவலையே இல்லை, தரையிலும் தரையை ஒட்டிய கிளையிலும் ஓடைக் கரையிலும் வாழ்ந்து முடித்துவிடும். கூடுகூட மரப்பொந்திலோ கரை மண் பொந்திலோ, பாசியும் வேரும் வைத்து, இரண்டு முட்டை.

கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் (வயது என்னைவிடக் குறைவு, என்னை “சார்” என்றே கூப்பிட்டார், எவ்வளவு சொல்லியும் மாற்றவில்லை) முதல் திருப்பத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினார். சன்னமான சீழ்க்கை, நடுநடுவே ரேடியோ ஸ்டேஷன் மாற்றும்போது வருகிற மாதிரி ஒரு கரகரப்பு. அதுதான் இது. ஐம்பது அடி போனதும் வேறொன்று. அப்புறம் இன்னொன்று. ஒன்றரை மணி நேரத்தில் ஏழு இடத்தில் கேட்டோம், பார்த்தது ஒன்றுமில்லை. நடுவில் கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து போஸ் கொடுத்தது, சிரிப்பான் குருவிகள் கூட்டமாகக் கத்திக் களேபரம் பண்ணின, ஆனால் நம் ஆள் வெளியே வரவில்லை.

எனக்கு உறைத்தது என்னவென்றால் அந்த ஏழு. அருகிய இனம் என்கிறார்கள், ஐம்பது அடிக்கு ஒன்று பாடுகிறது, அப்படியானால் என்ன அருகியிருக்கிறது? காவலரிடமும் இதைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், ஒரு மேடான இடத்துக்குக் கூட்டிப்போய் மரங்களுக்கு இடையில் தெரிந்த வெளியைக் காட்டினார். தேயிலை, தேயிலை, ஒரு கோயில், தேயிலை, கட்டடம், அதற்கும் தள்ளி மலைச் சரிவில் கைக்குட்டை அகலத்துக்கு இன்னொரு சோலை. “இதுக்குள்ள நெறைய இருக்குது சார். அதுக்குள்ளயும் இருக்கலாம். நடுவுல ஒண்ணுமில்லையே.”

ராத்திரி உட்கார்ந்து அந்தச் சிவப்புப் பட்டியலின் அளவுகோலை மறுபடி படித்தேன். பலரும் நினைப்பதுபோல எத்தனை குருவி மிச்சம் என்று எண்ணித்தான் இந்த வரிசையில் வைக்க வேண்டும் என்பதில்லை. பரவியிருக்கும் நிலப்பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்குள் இருந்து, அந்த வாழிடமும் துண்டு துண்டாகி, தொடர்ந்து குறைந்துகொண்டும் வந்தால் அதுவே போதும். அந்த 5,000-மும் வரைபடத்தில் வெளிக்கோடு போட்டுக் கணக்கிடும் பரப்பு. கோட்டுக்குள் ஊட்டி பஸ் ஸ்டாண்டும் வரும், கேரட் தோட்டமும் வரும். குருவி நிஜமாகக் குடியிருக்கும் இடம் அதில் சின்னப் பங்கு. பார்ப்பது ஆள் கணக்கை இல்லை, வீட்டை. அந்த வீடு குறைகிறது. இதைத்தான் அத்தைக்குச் சொல்லப் பார்த்தேன். “வாடகை வீடு கிடைக்காத கதைதான், சரி சாப்பிடு” என்றார். என் விளக்கத்தை விட அது மேல்.

மூன்றாம் நாள், ஊட்டி

சுருக்கமாக எழுதுகிறேன், நாள் அப்படி.

கோத்தகிரி - ஊட்டி ரோடு தொட்டபெட்டாவின் தோளை ஒட்டிப் போகிறது. 2,637 மீட்டர், நீலகிரியின் உச்சி. வெயில் கூடக்கூடக் கீழ் மலைக் குருவிகள் மேலே ஏறலாம். ஏற்கெனவே மேலே இருக்கிறவை எங்கே ஏறும்? இந்த மலைக்கு இதற்கு மேல் மாடி கிடையாது.

கெய்ர்ன் ஹில்லில் மழை. டிக்கெட் வாங்கி உள்ளே போய் இருபது நிமிஷத்தில் பைனாகுலருக்குள் பனி படிந்து ஊட்டி முழுக்கப் பால் நிறமாகிவிட்டது. ஒதுங்கி நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் சைப்ரஸ். பஸ்ஸில் வந்த வழியெல்லாம் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). வெளியூர்க்காரர்கள் இதையெல்லாம் பார்த்து ‘என்ன பச்சை!’ என்கிறார்கள், நானும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அப்படித்தான் வாயைப் பிளந்தேன். இதில் பெரும்பங்கு வெள்ளைக்காரன் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டது. சீகை தோல் பதனிட, கற்பூர மரம் விறகுக்கும் அப்புறம் ரேயான் கூழுக்கும். நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி, ‘சும்மா கிடக்கிற நிலம்’ என்று நினைத்துக்கொண்டார்கள். சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் இந்த மலை என்பது தோடர்களைக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அதற்காகச் சீகையை எல்லாம் ஒரே மூச்சில் வெட்டித் தள்ளு என்று கத்துகிற கூட்டத்தோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. பழைய சீகைத் தோப்பின் நிழலில், பக்கத்தில் சோலை இருந்தால், சோலைக் கன்றுகள் தானாக முளைத்து வருகின்றன. அந்தமாதிரி இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் கன்றும் போகும், அடுத்த மழையில் சீகையே நூறாக முளைக்கும். புல்வெளிக்குள் புதிதாக நுழைகிற சீகையைப் பிடுங்குவது வேறு, முதிர்ந்த தோப்பில் கைவைப்பது வேறு. இடம் பார்த்துச் செய்கிற வேலை. ஆனால் இடம் பார்த்துச் செய்வதற்கு டெண்டர் விடுவது கஷ்டம் போலிருக்கிறது.

சாக்ஸ் மூன்று ஜோடியும் நனைந்துவிட்டது. வர்க்கி வாங்கினேன். அவ்வளவுதான்.

நான்காம் நாள், மலை இறங்கி மலை ஏறி

இன்று முழுக்க பஸ். ஊட்டியிலிருந்து கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பழனி, அங்கிருந்து கொடைக்கானல். உடுமலை தாண்டி ஒரு டயர் பஞ்சர், ஸ்டெப்னியிலும் காற்று இல்லை, புளியமரத்தடியில் ஒன்றேகால் மணி நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. முந்தின நாள் சாக்ஸ் காயாமல் அழுதவன், இன்று அதைப் பையின் மேல் விரித்து அஞ்சு நிமிஷத்தில் காயவைத்துக்கொண்டேன்.

புளியமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். பறக்கத் தெரிந்த குருவிக்கு நீலகிரியிலிருந்து பழனி மலை எவ்வளவு தூரம்? தெளிவான நாளில் ஒரு மலையிலிருந்து பார்த்தால் இன்னொன்று நீலமாகத் தெரியும். ஆனால் நடுவில் பாலக்காட்டுக் கணவாய், 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம், தட்டையாக, சூடாக. கோவை நகரம் உட்கார்ந்திருப்பதே அதன் கிழக்கு வாயில்தான். சோலையின் இருட்டை விட்டு வெளியே வரக் கூசுகிற குருவிக்கு இந்த வெயில் கடல் மாதிரி. மலை உச்சிகளை ‘வான்தீவுகள்’ என்று சொல்வதை நான் கவிதை என்று நினைத்திருந்தேன். அந்த டயர் மாற்றும் இடத்தில் அது சாதாரண விவரமாகப் பட்டது.

கணவாய்க்கு இந்தப் பக்கம் இருப்பது வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. ரொம்ப காலம் இரண்டையும் ஒரே இனம் என்றுதான் வைத்திருந்தார்கள், பேரையும் ஆளாளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள், ஒரு காலத்தில் ‘ஷார்ட்விங்’, அப்புறம் ‘புளூ ராபின்’. மரபணுவைப் பார்த்தபோது இரண்டும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பாகம் பிரித்துக்கொண்டவை, இமயமலைப் பக்கத்துச் சொந்தம் என்று சேர்த்து வைத்திருந்த பறவைகளோடும் நெருங்கின உறவு இல்லை என்று தெரிந்தது. 2017-இல் வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலான ஆராய்ச்சியாளர்கள் இவற்றுக்கென்று தனிப் பேரினமே ஏற்படுத்தினார்கள், பெயர் சோலிகோலா, சோலையில் குடியிருப்பது என்று அர்த்தம். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் இருப்பதை மூன்றாவது இனமாக விவரித்தார்கள், அதைத் துணையினமாகவே எழுதுகிறவர்களும் உண்டு.

சோலைக்கிளி என்ற பேரில் எனக்கொரு சின்ன வழக்கு. சோலை நம்முடையது. கிளி மலையாளத்துக் கிளி, அங்கே எந்தப் பறவையும் கிளிதான். தமிழ்நாட்டில் ‘சோலைக்கிளி பார்க்கப் போகிறேன்’ என்றால் பச்சை நிறம், சிவப்பு மூக்கு, ஜோசியக்காரர் கூண்டு என்று போய்விடுகிறார்கள். ஆபீஸில் லீவு கேட்டபோதே இந்தச் சிக்கல். ஆனாலும் ‘ஷார்ட்விங்’கை விட எவ்வளவோ தேவலை, குடியிருக்கும் இடம் பேரிலேயே இருக்கிறது.

ஒன்றாக இருந்ததைப் பிரித்ததும் நடந்த இன்னொரு காரியம் கணக்கு. இரண்டு மலைக்கும் சேர்த்து ஒரு குருவி என்றால் பரப்பு பெரிது, ஆபத்து கொஞ்சம் குறைவாகத் தெரியும். தனித்தனி என்றதும் ஒவ்வொன்றின் பங்கும் சுருங்கிவிட்டது. வடக்கே இருப்பது அருகிய இனம், தெற்கே இருப்பது அதற்கு ஒரு படி கீழே, அழிவாய்ப்பு இனம். ஆய்வுக்கூடத்தில் பேரைப் பிரித்ததால் காட்டில் ஒரு மரம்கூட விழவில்லை, ஆனால் எதை இழக்கப் போகிறோம் என்ற கணக்கு மாறிவிட்டது.

பெருமாள்மலை வரும்போது இருட்டிவிட்டது.

ஐந்தாம் நாள், கொடைக்கானல்

பாம்பே சோலை ஊரோடு ஒட்டியே இருக்கிறது, ஹாரன் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்கும். காலை ஆறேகாலுக்கு நின்றேன், இந்தத் தடவை நிஜமாகவே. பத்து நிமிஷத்தில் பாட்டு ஆரம்பித்தது. நீலகிரியில் கேட்டதோடு ஒப்பிட்டால் இது சங்கீதம், நீளமான சீழ்க்கை, ஏறி, இறங்கி, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னொரு சங்கதி போட்டு. மலைக்கு மலை இதன் பாட்டு மாறுகிறது என்று ஒலிப்பதிவு செய்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அப்புறம் பாட்டு சட்டென்று இரண்டாகிவிட்டது. ஒரே குரல், இரண்டு இடத்திலிருந்து. பார்த்தால் பாதையில் நாலு பேர், ஆளுயர லென்ஸ், கல் மேல் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். பதிவு பண்ணின பாட்டைப் போட்டுக் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்குள் வேறு ஆண் நுழைந்துவிட்டான் என்று குருவி பாய்ந்து வெளியே வந்தது, கிளை மாறி மாறி உட்கார்ந்து கத்தியது. இது குஞ்சு பொரிக்கிற பருவம், கூட்டில் இருக்க வேண்டிய நேரம். ஷட்டர் சத்தம் பட்டாசு மாதிரி.

திட்ட வாய் வந்தது, வரவில்லை. ஏனென்றால் ஆறு வருஷம் முன்னால் வால்பாறையில் நானே இதைப் பண்ணியிருக்கிறேன், வேறொரு குருவிக்கு, போனில். படமும் நன்றாக வந்தது, எங்கேயும் போடவில்லை. பக்கத்தில் போய், “அண்ணா, போதுமே, கூடு வச்சிருக்கும்” என்றேன். ஒருவர் முறைத்தார், இன்னொருவர் நிறுத்தினார். அவர்கள் போனதும் நான் இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்தேன். அது திரும்பி வந்து தாழ்ந்த கிளையில் நின்றது. விலாவில் துரு நிறம் இல்லை, நீலம் நேராக வெள்ளையில் போய் முடிகிறது. இந்தப் பழனி மலையில் நாற்பது வருஷத்தில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. சோலையும் சுருங்கியிருக்கிறது. மிச்சத்தில் ஒரு துண்டில் நின்றுகொண்டு இது வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம் அத்தையிடமிருந்து போன். கொடைக்கானல் குருவி எப்படி என்று கேட்டார். விலாவில் சிவப்பு கிடையாது, வயிறு சுத்த வெள்ளை என்றேன்.

“அப்போ அது வேற வீட்டுது.”

“ஆமா அத்தை, வேற வீட்டுதுதான்.”

“இங்க ஜேசிபி வந்துருச்சு கண்ணு. ஆனா நீ பயந்த மாதிரி இல்ல, நல்ல மனுசங்க. மரம் ஒண்ணுகூட வெட்டலை. கீழ இருக்குற புதரைத்தான் சுத்தம் பண்றாங்க, பாம்பு வரும்னு. இப்போ ஓடை வரைக்கும் பளிச்சுனு தெரியுது.”

மேலிருந்து எடுக்கிற படத்தில் அந்த இருபது முப்பது மரம் அப்படியே பச்சையாகத்தான் தெரியும். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

“இன்னைக்குக் குருவி வந்துச்சா அத்தை?”

“இன்னும் பாத்திரம் போடலை. ஆறு மணி ஆகட்டும், பார்த்துட்டுச் சொல்றேன்.”